ஐந்து என்று வார்த்த தட்டு

எனக்கு வந்த நோயின் பெயரைக் கடைசியாகத் தெரிந்துகொண்ட ஆள் நான்தான். என் வீட்டுக்காரருக்குத் தெரியும், மேட்டுப்பாளையத்தில் இருக்கும் என் நாத்தனாருக்குத் தெரியும், எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன கார் டிரைவருக்குக்கூடத் தெரியும். படுத்துக்கிடந்தவள் நான். எனக்குச் சொன்னது, "ஒண்ணுமில்ல கலா, சத்துக் கொறைவுதான்."

இப்போது தேறி வந்த பிறகு, பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "படுத்து எந்திரிச்சதுக்கப்பறம் என்ன எக்சர்சைஸ் பண்ணுனீங்க? எங்கூட்லயும் ஒருத்தருக்கு வேணுங்க." சொல்கிறேன். ஆனால் எக்சர்சைஸை மட்டும் தனியாகப் பிரித்துச் சொல்ல எனக்கு வராது. நான் ஏமாந்த கதையும் கூடவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு சரவணம்பட்டியில். வீட்டுக்காரர் துரைசாமி கணபதியில் சின்னதாக ஒரு பவுண்டரி வைத்திருக்கிறார். பம்பு மோட்டாருக்கு வேண்டிய இரும்பு வார்ப்படம் அங்கே நடக்கிறது. ஒரே பெண் நித்யா, பதின்மூன்று வயது. பிறக்கும்போதே மூளை முடக்குவாதம். நடக்க மாட்டாள், ஒரு கைதான் சொன்னபடி கேட்கும், பேச்சு இழுத்து இழுத்து வரும். காதும் புத்தியும் மட்டும் படு கூர்மை. காலையில் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து பாத்ரூமுக்கு, திரும்ப நாற்காலிக்கு என்று அவளைத் தூக்குவது என் வேலை. முப்பத்திரண்டு கிலோ. ஆள் வைத்துப் பார்த்தோம், யாரும் நிலைக்கவில்லை. வெளியாள் கை பட்டாலே அவள் உடம்பு விறைத்துக்கொள்ளும். அதனால் என் இடுப்பும் என் தோளும்தான் அவளுக்குக் கால்.

மார்கழியில் எனக்கு வயிற்றுப்போக்கு வந்து, ஓமத் தண்ணீரில் சரியாகிவிட்டது. கொஞ்ச நாள் கழித்துப் பாதத்தில் எறும்பு ஊருகிற மாதிரி இருந்தது. குளிர் என்று நினைத்து சாக்ஸ் மாட்டிக்கொண்டேன். அப்புறம் ஒரு காலையில், நித்யாவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் போனவள் முழங்கால் இரண்டும் மடிந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளை, அவள் கட்டிலிலேயே இருந்தாள். மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "என்னம்மா... விளையாட்டு" என்றாள். நானும் சிரித்தேன். எழப் பார்த்தேன், முடியவில்லை. அதற்கப்புறம் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

அவினாசி ரோட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. வாசலிலேயே சக்கர நாற்காலியில் உட்காரவைத்தார்கள். இத்தனை வருஷமாக நாற்காலியைப் பின்னாலிருந்து தள்ளியவள் நான். அதில் உட்கார்ந்தால் எல்லாரும் நம் தலைக்கு மேலே பேசிக்கொள்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. "பேஷண்டுக்கு எப்ப இருந்து இப்படி?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்கிறார்கள். பேஷண்டு நான் இங்கேதான் இருக்கிறேன் அய்யா, என்னிடம் கேள்.

சோதனை அறைக்கு வெளியே வெகுநேரம் காத்திருந்தோம். நரம்புச் சோதனை என்பது, கையிலும் காலிலும் சின்னச் சின்னதாகக் கரண்ட் கொடுத்து, செய்தி நரம்பில் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளப்பது. சுள் சுள்ளென்று அடிக்கும். பிறகு என்னைச் சுருண்டு படுக்கச் சொல்லி, முதுகுத் தண்டிலிருந்து ஊசியில் கொஞ்சம் நீர் எடுத்தார்கள். டாக்டர் வந்து, "சார், கொஞ்சம் வெளிய வாங்க" என்றார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். இவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே நின்றார். உள்ளே வரும்போது முகத்தில் சிரிப்பு. அப்போது சொன்னதுதான் அந்தச் சத்துக் குறைவு.

இரண்டாம் நாள் நாத்தனார் ஆப்பிளோடு வந்தார். கட்டிலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "கில்லன் பாரேன்னு என்னமோ சொன்னாங்களே, மூச்சு வரைக்கும் ஏறுமாமா?" என்று கேட்டுவிட்டார். அவர் மனசில் கெடுதல் ஒன்றும் கிடையாது, வாய்தான் நிற்காது. அன்று சாயங்காலம் டாக்டரை நிறுத்திவைத்து நேராகக் கேட்டேன். "சார்தான் உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னாருங்க" என்று சொல்லிவிட்டு, பிறகு விளக்கினார். உடம்பில் கிருமியோடு சண்டை போடுவதற்கென்று ஒரு படை இருக்கிறது. அது சில சமயம் ஆள் தெரியாமல் நம் நரம்பையே அடிக்கும். ஒயர் மேலே பிளாஸ்டிக் உறை இருக்கிறதே, அந்த மாதிரி நரம்பைச் சுற்றியிருக்கும் உறையை அரித்துவிடும். கரண்ட் போகாது. காலில் ஆரம்பித்து மேலே ஏறும். மூச்சுத் தசை வரை போனால் மெஷின் வைக்க வேண்டும். பிறகு இறங்கும், உறை மெதுவாகத் திரும்ப வளரும்.

என் உடம்பே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்று எனக்கு அப்போது ஆத்திரம். ஆனால் உடம்பு ஒளித்துச் செய்யவில்லை. முடியாததை முடியாது என்று உடனே சொன்னது. அந்த அளவுக்கு அதற்கு நாணயம் இருந்தது என்று பின்னால்தான் உறைத்தது.

ஐசியுவில் மூச்சுச் சோதனைக்கு ஒரு எளிய வழி வைத்திருந்தார்கள். மூச்சை நன்றாக இழுத்து, விடாமல் ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். எதுவரை வருகிறதோ அதுதான் பலம். ஒரு நாள் இருபத்திரண்டு வந்தது. நர்ஸ், "சூப்பருங்கக்கா" என்றாள். மறுநாள் பதினேழோடு நின்றுவிட்டேன். "சூப்பருங்கக்கா." எங்கள் ஊர் மரியாதை இது. ஆள் முகத்துக்கு நேரே கெட்டதைச் சொல்லவே மாட்டார்கள். அதற்கப்புறம் அவள் சொல்வதை விட்டுவிட்டு, எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டேன்.

பிறர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புச் சத்தைப் பாட்டில் பாட்டிலாகச் சொட்டவிட்டார்கள். விலை கேட்டால், "இன்சூரன்ஸ்ல வந்துருது, நீ பேசாம படு" என்பார் இவர். பாதிகூட வரவில்லை என்று அப்புறம் தெரிந்தது. அதையும் விடுங்கள். அந்த மனுஷன் என்னைப் பார்த்துக்கொண்டதைச் சொல்லாமல் விட்டால் பாவம். பவுண்டரி மணல் ஒட்டிய கையைக் கழுவிவிட்டு வந்து, என் காலைத் தடவிவிடுவார். வாய்க்குள் சோறு ஊட்டுவார். என்னால் கையைத் தலைக்குத் தூக்க முடியாது என்று, ஒரு சீப்பு வாங்கிவந்து எனக்குச் சடை பின்னிவிட்டார். வாழ்நாளில் பின்னியறியாத கை. ஒரு பக்கம் கொத்து, ஒரு பக்கம் நூல். நர்ஸுகள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு அழுகை வந்தது. அந்த அழுகை சந்தோஷத்தில் வந்தது.

மூச்சு வரை ஏறாமல் நோய் நின்றது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தேன். நித்யா மேட்டுப்பாளையத்தில் நாத்தனார் வீட்டில் இருந்தாள். வந்த வாரமே இவர் பேச்சை எடுத்தார். சத்தியமங்கலம் பக்கம் இந்த மாதிரிக் குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிற விடுதி ஒன்று இருக்கிறதாம். நல்ல இடமாம்.

"உன்னால தூக்க முடியலீன்னா அவளை ஆரு பாக்கறது கலா? நான் பவுண்டரிய உட்டுப்போட்டு வர முடியுமா?"

"நான் தூக்குவேனுங்க."

"செரி. ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள நீ தூக்கீட்டா அவ இங்கியே இருக்கட்டும். இல்லாட்டி அங்க உட்டுறலாம்."

நான் ஒத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் முப்பத்திரண்டு கிலோ. தூக்கினால் பெண் என்னோடு, இல்லாவிட்டால் விடுதியில். என் கண்ணுக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

பயிற்சி தேடிய கதை இனிமேல்தான். முதலில் வீட்டுக்குப் பக்கத்தில், ஐடி கம்பெனிப் பிள்ளைகள் போகிற ஜிம்முக்கு வாக்கரோடு போனேன். பாட்டுச் சத்தத்தில் காது அடைத்தது. பயிற்சியாளர் தம்பி, "வெயிட் குறைக்கோணுங்களா மேடம்?" என்று கேட்டு, பேக்கேஜ் விவரம் சொன்னார். என்னைப் பார்த்தால் குறைக்க என்ன இருந்தது என்று தெரியவில்லை. போனில் வீடியோ பார்த்தேன். ஒருத்தர், வலித்தால்தான் வளரும், விடாதே என்று கத்துகிறார். என் நரம்புக்கு அது விஷம். உறை பாதி வளர்ந்த நரம்பை ஓட ஓட விரட்டினால் சோர்ந்து படுத்துவிடும். நாத்தனார் தினமும் ஒரு யோகாசனம் அனுப்பினார்.

கடைசியில் ஆஸ்பத்திரி பிசியோதெரபிஸ்ட் ஸ்டெல்லாவிடமே போனேன். முப்பது வயதுகூட இருக்காது. "பலம் வரோணும்" என்று நான் சொன்னதும், மற்றவர்கள் கேட்காததை அந்தப் பெண் கேட்டாள். "எதுக்குங்கக்கா பலம்? என்னத்தத் தூக்கோணும்? கட்டில் எவ்வளவு ஒசரம்?"

சொன்னேன். யோசித்து ஒரு திட்டம் கொடுத்தாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மட்டும் பயிற்சி. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்குவது. பிறகு, எடைத் தட்டு மாட்டி முக்காலி உயரத்தில் வைத்த இரும்பு ராடை முதுகு வளையாமல் இடுப்பு வரை தூக்கி இறக்குவது. இன்னும் இரண்டு தடவை தூக்க முடியும் என்று தோன்றும்போதே நிறுத்திவிட வேண்டும். மறுநாள் காலையில் அசதியோ மரமரப்போ இருந்தால் எடையைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் கொஞ்சம் ஏற்றலாம்.

"ஒண்ணே ஒண்ணுங்கக்கா. எவ்வளவு தூக்கறீங்களோ அதை அப்படியே எனக்குச் சொல்லோணும். கூட்டியும் வேண்டாம், கொறைச்சும் வேண்டாம். அதை வெச்சுத்தான் நான் அடுத்ததைச் சொல்ல முடியும்."

ராடும் தட்டும் கடையில் வாங்கலாம் என்றேன். இவர் சிரித்தார். "பவுண்டரிக்காரன் பொண்டாட்டி தட்டைக் கடையில போய் வாங்குவாளா?" என்றார். நியாயம்தானே. அன்றைக்குப் பத்துக் கிலோ அரிசிப் பையைத் தூக்கிப் பார்த்து, முடியாமல் ராத்திரி முழுக்க அழுதேன். ஒரு வாரத்தில் கொண்டுவந்தார். கறுப்புப் பெயிண்ட் அடித்த வட்டத் தட்டுகள், ஒவ்வொன்றிலும் 5 என்று எழுத்து எழும்பி நின்றது. ராடுக்கு ஒரு பைப்பு. "நீ மாட்டிக் கழட்டிச் சிரமப்பட வேண்டாம்" என்று, காலையில் வேலைக்குப் போகும் முன் அவரே தட்டை மாட்டி முக்காலியில் வைத்துவிட்டுப் போவார்.

முதல் நாள் இரண்டு தட்டோடு தூக்கினேன். வந்தது. எனக்கே நம்ப முடியவில்லை. பங்குனியில் நான்கு தட்டு. ஸ்டெல்லாவுக்கு போனில் சொன்னேன். "அதுக்குள்ளயாங்கக்கா?" என்று திகைத்தாள். "அவசரப்படாதீங்க" என்றாள். அவளைவிட எனக்கு என் உடம்பு தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். இவர் சாயங்காலம் வந்ததும் கேட்பார், "இன்னைக்கு எத்தனை?" சொன்னால் முகம் மலரும். மைசூர்பாகு வாங்கி வருவார்.

கோடை விடுமுறைக்கு நித்யா வீட்டுக்கு வந்தாள். இவர் காலையும் மத்தியானமும் மாலையும் வந்து அவளைத் தூக்கினார். பகலில் நான் பயிற்சி செய்வதை அவள் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ராடை முக்காலியில் வைக்கும்போது தட்டுகள் உரசினால், "டப்பா... சத்தம்" என்று சிரிப்பாள். அம்மாவைக் கேலி செய்கிறாள் என்று நானும் சிரிப்பேன். அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் அப்பா வார்க்கிற இரும்பின் சத்தத்தைக் குழந்தையிலிருந்து கேட்டு வளர்ந்தவள் அவள்.

எனக்கு ஏன் தெரியவில்லை என்று நீங்கள் கேட்கலாம். என் உள்ளங்கை அப்போதும் பாதி மரத்துத்தான் இருந்தது. கையுறை போட்டுக்கொண்டு எதையும் பிடிக்கிற மாதிரிதான் இருக்கும். குளிர்ச்சி தெரியாது, சொரசொரப்பு தெரியாது. அதைவிட முக்கியம், அந்தத் தட்டில் 5 என்று வார்த்திருந்தது. வார்த்தவர் என் வீட்டுக்காரர். அதை எதற்கு நான் எடை போட வேண்டும்?

ஆறு தட்டு மாட்டிய அன்று பைப்போடு சேர்த்து முப்பத்திரண்டு என்று கணக்குப் போட்டேன். தூக்கினேன், வந்தது. நித்யாவை ஒரு நாள் நானே தூக்கி நாற்காலியில் உட்காரவைத்து, மத்தியானம் இவர் வரும்போது இரண்டு பேரும் ஹாலில் இருக்க வேண்டும் என்று ஆசை. மறுநாள் காலை இவர் வேலைக்குப் போன பிறகு, திரும்பப் படுத்திருந்த அவள் கட்டில் பக்கத்தில் நாற்காலியை வைத்து, பிரேக் போட்டு, பழையபடி அக்குளில் கை கொடுத்தேன்.

"வேண்டாம்மா" என்றாள்.

"பேசாம இரு கண்ணு" என்றேன்.

கட்டிலை விட்டு அவள் உடம்பு நகர்ந்தது. முழு எடையும் என் மேல் வந்தது. வந்த நொடியே தெரிந்துவிட்டது, இது நான் தூக்கிப் பழகிய எடையே இல்லை. இரண்டு பேரும் கீழே போனோம். முக்காலியில் கால் பட்டு ராடும் உருண்டு விழுந்தது. நித்யாவின் உதடு கிழிந்து ரத்தம். என் முந்தானையால் அழுத்திப் பிடித்தேன். அவள் அழவில்லை. விழுந்த தட்டைக் கண்ணால் காட்டி, "சத்தம்... பாரு... அது... இரும்பு... இல்ல" என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது என் எடையைப் பார்க்க வாங்கிய மெஷின் கட்டிலுக்கடியில் இருந்தது. உட்கார்ந்தபடியே இழுத்தேன். தட்டுகளைக் கழற்றி ஒன்றன்மேல் ஒன்றாக ஆறையும் அடுக்கினேன். முப்பது காட்ட வேண்டும். பன்னிரண்டுகூடக் காட்டவில்லை. ஒரு தட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டினேன். கறுப்புக்குக் கீழே வெள்ளையாக அலுமினியம் தெரிந்தது. இருபது வருஷமாகப் பவுண்டரிக்காரன் சட்டையைத் துவைத்தவள், அலுமினியத்தை இரும்பென்று தூக்கியிருக்கிறேன்.

மத்தியானம் இவர் வந்தபோது நாங்கள் தரையில்தான் இருந்தோம். மெஷின் மேல் தட்டுகள். முதலில் ஓடிவந்து நித்யாவைத் தூக்கிப் படுக்கவைத்தார். பிறகு என்னைத் தூக்க வந்தார். கையை நீட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.

"ஏனுங்க மாமா இப்படிப் பண்ணுனீங்க?"

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "முதல்ல அந்தப் பத்துக் கிலோ அரிசிப் பையத் தூக்கிப் பாத்தியே, ஞாபகம் இருக்குதா? தூக்க முடியாம அன்னைக்கி ராத்திரி பூரா அழுத. அதைப் பாக்க முடியல. தெரிஞ்சவரு அலுமினியம் வாக்கறாரு. அவர்கிட்ட அச்சைக் குடுத்து வாத்தேன். நீ சந்தோசமா இருந்த. அதுக்கு மேல நான் யோசிக்கல."

"ஜூன் வந்தா தெரிஞ்சுபோயிராதுங்களா?"

அவர் மெஷின் மேலிருந்த தட்டுகளை எடுக்கப் போனார். நான் விடவில்லை. திரும்பக் கேட்டேன். அப்போதுதான் வந்தது.

"டாக்டர் ஆரம்பத்துலயே சொன்னாரு, பழைய பலம் வர நெம்ப நாளாகும், முழுசா வராமயும் போகலாம்னு. நீ ஆஸ்பத்திரியில இருக்கறப்பவே விடுதிக்குச் சரின்னு சொல்லிப்போட்டேன். அங்க எடம் கெடைக்கறதே கஷ்டம் கலா."

அதாவது, ஜூன் வரைக்கும் பார்க்கலாம் என்று என்னிடம் சொன்னாரே, அந்தக் கெடுவும் அலுமினியம். நான் தூக்க மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டு, தூக்கு தூக்கு என்று மைசூர்பாகு வாங்கிக் கொடுத்திருக்கிறார். என் வயிறு எரிந்தது. என் உடம்பு என்னைக் கீழே போட்டபோது இப்படி எரியவில்லை.

"சொல்லியிருந்தா நீ ஒடைஞ்சுபோயிருப்ப" என்றார்.

"ஒடைஞ்சா ஒடைஞ்சுட்டுப் போறேனுங்க. நான் உங்ககிட்ட சந்தோசம் கேக்கல. எடைதான் கேட்டேன்."

அன்றே ஸ்டெல்லாவுக்கு போன் செய்து உண்மை எடையைச் சொன்னேன். அந்தப் பெண் எடையை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அக்கா, இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் பலகை சொல்லியிருப்பேனுங்க" என்றாள். வழவழவென்று இழைத்த ஒரு பலகை. கட்டிலுக்கும் நாற்காலிக்கும் பாலம் மாதிரி போட்டு, ஆளைத் தூக்காமல் சறுக்கி நகர்த்துவதற்கு. "உங்க கணக்கு அவ்வளவு நல்லா இருந்துச்சு, பலகை தேவையில்லீன்னு உட்டுட்டேன். நீங்க தூக்கவே வேண்டாமுங்க. நகர்த்துனாப் போதும். அதுக்கு இப்ப இருக்கற பலத்தோட இன்னும் கொஞ்சம் வந்தாச் செரி."

போனை வைத்துவிட்டு அழுதேன். என்னைச் சந்தோஷப்படுத்த ஒரு பொய். அந்தப் பொய்யால் என் பெண் வீட்டை விட்டே போயிருப்பாள்.

பலகையைப் பவுண்டரியில் அச்சுக்கு மரம் இழைக்கிற ஆசாரி செய்து கொடுத்தார். முதல் நாள் நித்யா பாதியில் நின்றுவிட்டாள். பிறகு பழகிவிட்டது. இப்போது அவளே நல்ல கையை ஊன்றித் தள்ளுகிறாள். பாத்ரூமுக்கும் அதே பலகைதான். விடுதிக்கு இவரை என் முன்னால் உட்காரவைத்து, போனில் ஸ்பீக்கரைப் போட்டு, வேண்டாம் என்று சொல்லவைத்தேன். அவர் சொன்னார். குரல் இறங்கியிருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை.

என்ன பயிற்சி நல்லது என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். ஜிம்மோ யோகாவோ ராடோ, எதுவாகவும் இருக்கட்டும். எதற்குப் பலம் வேண்டும் என்று கேட்கிற ஆளிடம் போங்கள். முடியாததை முடியாது என்று சொல்லவிடுகிற ஆளிடம் போங்கள். எடையை நீங்களே போட்டுப் பாருங்கள்.

நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன். போன ஞாயிற்றுக்கிழமை இவர் புதுத் தட்டுகள் கொண்டுவந்தார், பெயிண்ட் அடிக்காத வெறும் இரும்பு. 2 என்று வார்த்திருந்தது. அவரே மெஷினை இழுத்து, ஒரு தட்டை வைத்துவிட்டு நகர்ந்து நின்றார். நித்யா குனிந்து படித்தாள். "ரெண்டு... கிலோ... நூறு."

"வார்ப்புல முன்னப்பின்ன வரும்" என்றார் அவர்.

"வரட்டுங்க" என்றேன். மீதித் தட்டுகளையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

சாயங்காலம் தலை குளித்துவிட்டு ஈரத்தோடு உட்கார்ந்திருந்தேன். சீப்பை எடுத்துக்கொண்டு வந்து பின்னால் நின்றார். ஆஸ்பத்திரியில் பின்னிவிட்ட அதே கை. அந்தச் சடையை நான் மறக்க மாட்டேன். ஆனால் அந்தக் கை எனக்குப் பின்னிவிட்ட அதே நாட்களில்தான், அவர் வாய் விடுதிக்குச் சரி என்றும் சொல்லியிருக்கிறது. எது முன்னால், எது பின்னால் என்று நான் கேட்டதில்லை. கேட்கவும் பயம்.

"குடுங்க மாமா" என்று கையை நீட்டினேன். "இப்ப எனக்குக் கை தலைக்கு எட்டுது. நானே பின்னிக்குவேன்."

சீப்பைக் கொடுத்தார். நான் பின்னி முடிக்கும் வரை அவர் அங்கேயே நின்றிருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.